கட்டில் பின்னியவர் வீடு திரும்பினாரா?

ஆண்டுதோறும் முதுகலை மாணவர்களுக்குப் புறநானூறு நடத்துவது நம் பணி. அவ்வகையில் அதன் 82ஆம் பாடலைப் பதினைந்து முறையேனும் நடத்தியிருப்போம். சாத்தந்தையார் பாடிய பாடல் அது. ஊரைக் கொள்ள வந்த பொருநனோடு போரவைக் கோப்பெருநற்கிள்ளி நிகழ்த்திய போரின் விரைவைச் சொல்வது. அந்த விரைவுக்குப் புலவர் தேடிக் கண்ட உவமை வியப்புக்குரியது. ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது. வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம். மழையோ பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. அந்நேரத்தில் ஒருவர் தோல்வாரால் கட்டில் பின்னிக்கொண்டிருக்கிறார். அவர் கையிலுள்ள ஊசி எவ்வளவு விரைந்து பாயுமோ அவ்வளவு விரைந்தது கிள்ளியின் போர் என்கிறார் புலவர்.

பாடலில் அவருக்குப் பெயர் இல்லை. 'இழிசினன்' என்ற ஒரு சொல்தான். 'தாழ்ந்த தொழில் செய்பவன்' என்று அதற்கு ஒரு வரிப் பொருள் சொல்லிவிட்டு, உவமையின் அழகுக்கு நகர்ந்துவிடுவது நம் வழக்கம். தேர்விலும் உவமைநயம்தானே கேட்கப்படுகிறது!

சென்ற ஆண்டு, வகுப்பு முடியும் வேளையில் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். அதிகம் பேசாதவர்.

"ஐயா, போர் முடிஞ்சிருச்சு. சோழன் ஜெயிச்சுட்டான். அந்தக் கட்டில் பின்னினவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாரா? குழந்தை பிறந்ததா?"

வகுப்பு சிரித்தது. நாமும் சற்றே சிரித்தோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். "அது பாடலுக்கு வெளியே இருக்கிற செய்திப்பா" என்று சொல்லிவிட்டு வந்தோம். அவருடைய தந்தை புதுக்கோட்டைக் கடைத்தெருவில் செருப்புத் தைக்கிறவர் என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் நமக்குத் தெரிந்தது. அதன்பிறகு அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. விடை தேடிப் படித்தவற்றையும், கண்டவற்றையும், கேட்டவற்றையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

ஏட்டில் நடந்த கால்கள்

செருப்பு நம் இலக்கியத்துக்குப் புதிய பொருளன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் வழிச்செல்லும் வணிகர்கள் பாதத்தை மூடும் காப்பு அணிந்து வருகிறார்கள். 'அடிபுதை அரணம்' என்று அதற்குப் பெயர். அதே நூலின் இடையன் 'தொடுதோல்' அணிகிறவன். அணிந்து அணிந்து அவன் காலில் தழும்பேறியிருக்கிறது. செருப்புக்கு 'அரணம்' என்று பெயரிட்ட மொழி நம்முடையது. கல்லும் முள்ளும் நிறைந்த காட்டுவழியில் நடந்தவர்களுக்கே அச்சொல்லின் முழுப்பொருள் விளங்கும்.

அணிந்தவர்கள் இப்படி வருகிறார்கள். செய்தவர்கள்? சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தை வருணிக்கும்போது அங்கே வாழ்ந்த கைவினைஞர்களை வரிசைப்படுத்துகிறது. கஞ்சகாரர், செம்புசெய்குநர், மரத்தச்சர், கருங்கைக்கொல்லர், பொன்கொல்லர் என்று நீளும் அவ்வரிசையில் தோலைத் தைப்போரும் இடம்பெறுகிறார்கள். ஒரு பெருநகரின் கைவினைச் சமூகத்துக்குள் செருப்புத் தைப்பவரும் ஒருவராக எண்ணப்பட்ட அரிய இடம் அது. இளங்கோவடிகள் அவர்களுக்கு இழிவான அடைமொழி எதையும் சேர்க்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கொல்லருக்கும் தச்சருக்கும் என்ன மொழியோ, அதே மொழிதான் தோல்வினைஞருக்கும்.

அடுத்து பக்தி இலக்கியம். நம் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறந்தாங்கிக்கு அருகில், ஆவுடையார்கோயில் இருக்கிறது. மாணிக்கவாசகர் குருவைக் கண்டு ஆட்கொள்ளப்பட்ட திருப்பெருந்துறை அதுவே. கருவறையில் இலிங்கம் இல்லை, ஆவுடை மட்டுமே உண்டு. அம்மன் சந்நிதியிலும் உருவம் இல்லை, திருவடிகளுக்கே வழிபாடு. அந்த மாணிக்கவாசகர் திருத்தோணோக்கத்தில் கண்ணப்பரைப் பாடுகையில் அவருடைய செருப்பணிந்த காலைத் தனியே எடுத்துச் சிறப்பிக்கிறார். சேக்கிழார் கூறும் வரலாற்றிலும் கண்ணப்பர் இறைவன் முடிமேல் இருந்த பூவை அகற்றியது செருப்புக் காலால்தான். சைவத்தில் அன்பின் உச்சத்துக்கு அடையாளமாக நின்ற பொருள் ஒரு வேடனின் தோற்செருப்பு.

வைணவமும் பின்தங்கவில்லை. வேதாந்த தேசிகர் திருவரங்கத்துப் பெருமாளின் பாதுகைகளை மட்டுமே பொருளாகக் கொண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுலோகங்களில் பாதுகா சகஸ்ரம் இயற்றினார். அதே திருவரங்கத்தில் பெருமாளுக்கெனச் செய்யப்பட்ட பெரிய தோற்செருப்புகளை இன்றும் கோயிலுக்குள் காணலாம். வெவ்வேறு ஊர்களில் வாழ்ந்த இரு செருப்புத் தைப்பவர்களின் கனவில் பெருமாள் தோன்றினார் என்றும், ஒருவர் வலக்காலுக்கும் மற்றவர் இடக்காலுக்கும் செய்து கொண்டுவர, இரண்டும் ஒரே அளவாகப் பொருந்தின என்றும் ஒரு மரபுக்கதை வழங்குகிறது.

அழகான கதைதான். ஆனால் நம் மாணவரின் கேள்வி இங்கேயும் எழுகிறது. செருப்பு கோயிலுக்குள் போயிற்று. செய்தவர் எங்கே நின்றார்? 1939இல் மதுரையில் ஆலய நுழைவு நிகழும்வரை, இப்பகுதிப் பெருங்கோயில்களில் அவருக்குரிய இடம் மதிலுக்கு வெளியேதான்.

மதுரைவீரன் கதையையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். நம் மாவட்டத்து ஐயனார் கோயில்களிலும் காவல் தெய்வமாக நிற்பவர் அவர். செருப்புத் தைக்கும் சின்னானும் அவர் மனைவியும் வளர்த்த பிள்ளை என்பது கதை. 1956இல் வெளிவந்த திரைப்படத்தில் அந்தத் தம்பதியாக என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் நடித்ததைப் பழைய ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கதைப்படி அவர் பிறப்பால் அரசகுமாரர்; காட்டில் விடப்பட்டுச் செருப்புத் தைப்பவர் வீட்டில் வளர்ந்தவர். இந்த அரச பிறப்பு பின்னாளில் ஒட்டவைக்கப்பட்டது என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அது உண்மையாயின், தெய்வமாக உயர்ந்த பிறகும் அந்த வீட்டில் பிறந்தார் என்று சொல்ல ஊர் தயங்கியிருக்கிறது.

அணிவதற்கு ஓர் ஆணை

கல்வெட்டுகளுக்கு வருவோம். புதுக்கோட்டை கல்வெட்டுகள் மலிந்த நிலம். சமஸ்தானம் தன் எல்லைக்குள் கிடைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாசனங்களின் மூலபாடங்களைத் தொகுத்து 1929இலேயே நூலாக வெளியிட்டது. நிலம், நீர், கொடை, வரி, கோயிற்பணி என்று விரியும் உலகம் அது. ஆனால் கல்வெட்டு பெரும்பாலும் கோயிற் சுவரில் எழுதப்படுவது. கோயிலுக்குள் நுழைய இயலாதவருக்கு அச்சுவரில் தம் பெயரைப் பொறிக்கும் வாய்ப்பு எவ்வளவு இருந்திருக்கும்?

செருப்பைப் பற்றிய முதன்மையான ஆவணம் நம் மாவட்டத்துக்கு மேற்கே, கரூர்ப் பசுபதீசுவரர் கோயிலில் கிடைக்கிறது. கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டப்பெயருடன் ஒரு மன்னன் வெங்காலநாட்டுக் கம்மாளர்களுக்கு விடுத்த ஆணை அது. 12, 13ஆம் நூற்றாண்டுகளை ஒட்டியதாகக் கருதலாம். தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் உல்ச் பதிப்பித்திருக்கிறார். ஆட்சியாண்டு பதினைந்தின் ஆடி மாதம் முதல் கம்மாளர்கள் தம் நன்மை தின்மைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், தாம் போகவேண்டிய இடங்களுக்குச் செருப்பு அணிந்து போகலாம், தம் வீட்டுச் சுவர்களுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். இவையே அவ்வாணை வழங்கிய உரிமைகள்.

இந்த ஆணையை நாம் பலமுறை படித்ததுண்டு. சமூக வரலாற்றுக் கருத்தரங்குகளில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. ஆனால் மாணவரின் கேள்விக்குப் பின் படித்தபோதுதான் அதன் மறுபக்கம் உறைத்தது. பொன்னும் இரும்பும் மரமும் கல்லும் வெண்கலமும் கையாண்ட கம்மாளர்கள், கோயில்களையே எழுப்பியவர்கள், செருப்பு அணிய அரசனின் ஆணை பெற வேண்டியிருந்தது. அப்படியென்றால் அந்தச் செருப்பைத் தைத்தவரின் கால் எந்த நிலையில் இருந்திருக்கும்? வலங்கை, இடங்கைப் பிரிவினையில் தோல்வினைஞரும் கம்மாளரோடு இடங்கையைச் சேர்ந்தவர்கள் என்று எட்கார் தர்ஸ்டன் 1909இல் எழுதுகிறார். கட்சி ஒன்றுதான். ஆனால் ஆணை கம்மாளருக்கு மட்டுமே வந்தது.

அது பழங்காலம் என்று ஒதுக்க இயலாது. 1930 டிசம்பரில், அன்றைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் தெற்கெல்லையை அடுத்த இராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 குடிக்கணக்கெடுப்பின் ஆணையரான ஹட்டன் அப்பட்டியலைப் பின்னர் தம் நூலில் பதிவுசெய்தார். பொன், வெள்ளி நகை கூடாது, முழங்காலுக்குக் கீழே ஆடை கூடாது, சட்டை கூடாது, முடி வெட்டிக்கொள்ளக் கூடாது, மண்பாண்டம் தவிர வேறு கலம் கூடாது என்று தொடரும் அப்பட்டியலின் எட்டாவது தடை, குடை பிடிப்பதையும் செருப்பு அணிவதையும் விலக்குகிறது. தடையை மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன.

மூன்றாவது ஆவணம் நம் காலத்தது. 1989ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அத்திருத்தம் குற்றங்களைப் பெயர் சுட்டிப் பட்டியலிடுகிறது. பொது இடத்தில் ஒருவர் மிதிவண்டியோ மோட்டார் வண்டியோ ஓட்டுவதை, செருப்பணிவதை, புத்தாடை உடுத்துவதை, திருமண ஊர்வலம் செல்வதைத் தடுப்பது குற்றம். செருப்பு மாலை அணிவித்து அவமதிப்பதும் குற்றம்.

மிதிவண்டியும் செருப்பும் ஒரே உட்பிரிவில் வருவதைப் படித்தபோது நமக்குப் புதுக்கோட்டையின் பழைய நினைவொன்று வந்தது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இம்மாவட்டத்தில் நடந்தபோது, ஆட்சியர் ஷீலாராணி சுங்கத்தின் ஊக்கத்தோடு, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றார்கள். எழுத்தறிவு இயக்கத்துக்கு மிதிவண்டி எதற்கு என்று அன்று கேட்டவர்கள் உண்டு. தெருவில் எவர் எப்படிப் போகலாம் என்பதும் ஒரு பாடம்தான் என்பதை அப்பெண்கள் உணர்ந்திருந்தார்கள்.

கரூர் ஆணைக்கும் 2015 திருத்தத்துக்கும் இடையே ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள். முன்னது அனுமதி, பின்னது உரிமை, வேறுபாடு பெரிது. ஆனால் ஒரு காலில் செருப்பு ஏறுவதற்கு அப்போதும் இப்போதும் எழுத்தில் ஓர் ஆவணம் வேண்டியிருக்கிறது.

ஆவாரம்பட்டையும் கமலைத் தோலும்

இவையெல்லாம் அணிவதைப் பற்றிய வரலாறு. தைப்பவரின் அன்றாட வாழ்வு எப்படி இருந்தது? இதற்குக் கல்வெட்டைவிடத் தொழிலே நல்ல சான்று.

ஊரில் மாடு செத்தால் அதை அப்புறப்படுத்துவது அவர் கடமை. தோல் அவர் பாத்தியதை. அந்தத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் களைந்து, உட்புறச் சதையைச் சீவி எடுத்து, மீண்டும் மீண்டும் கழுவுவார்கள். பிறகு ஆவாரம்பட்டையை இடித்து ஊறவைத்த சாற்றில் பதப்படுத்துவார்கள். தோலையே பையாகத் தைத்து, உள்ளே பட்டையும் நீரும் நிரப்பி, மரத்தில் தொங்கவிட்டுச் சாறு கசியக் கசியப் பதமாக்குவதும் ஒரு முறை. கடுக்காயும் சேரும். நாள்கணக்கில் நடக்கும் வேலை. வீட்டில் பெண்களுக்கும் அதில் சரிபங்கு உண்டு. நாற்றம் உடம்பிலேயே தங்கிவிடும். ஊர் அவர்களை ஒதுக்குவதற்கு அந்த நாற்றத்தைக் காரணம் காட்டியது. அந்தத் தோலில்லாமல் ஊருக்கு ஒரு நாளும் நகராது.

புதுக்கோட்டையின் வறண்ட செம்மண் காடுகளில் ஆவாரை தானாக மஞ்சள் பூத்து நிற்கும். நமக்கு அது பொங்கல் காப்புக்கட்டுப் பூ. தோல்வினைஞருக்கு அதுவே வாழ்வு. அவர்கள் ஆவாரையைப் பெரிதும் மதித்தார்கள் என்றும், திருமணத்துக்கு முன்னோடியாக ஆவாரங் கிளைக்குத் தாலி கட்டும் வழக்கம் இருந்தது என்றும் தர்ஸ்டன் குறிப்பிடுகிறார். தொழிலுக்கு உதவிய செடியை உறவாக்கிக்கொண்டவர்கள்.

செருப்பைவிட முக்கியமான வேலை ஒன்று அவர்களிடம் இருந்தது. அது கமலை. மின்மோட்டார் வரும்வரை கிணற்றுப் பாசனம் என்றால் கமலைதான். மாடுகள் சரிவில் இறங்க, சால் மேலே வரும். சாலின் அடியில் தைத்த தோல்வால் கிணற்றுக்குள் மடங்கியிருந்து, மேலே வந்ததும் நீண்டு நீரைத் தொட்டியில் கொட்டும். அந்தத் தோல் கிழிந்தால் அன்றைக்குப் பாய்ச்சல் இல்லை. விடியும் முன்பே சம்சாரியின் ஆள் வந்து நிற்பான். மாட்டுக்கு வேண்டிய வார், சாட்டை, சம்சாரி வீட்டார் அனைவருக்கும் செருப்பு எல்லாமே அவர் கையால்தான். கூலி காசாகப் பெரும்பாலும் வருவதில்லை. அறுவடைக் களத்தில் அளக்கும் தானம்தான். அதற்குக் 'களத்துச் சுதந்திரம்' என்று பெயர்! ஊர்ப்பணியாளர் பெறும் பங்குக்குச் 'சுதந்திரம்' என்று பெயரிட்ட மொழியின் விந்தையை என்னென்பது?

இந்த வாழ்வைப் பேரழகோடும் பெருந்துயரோடும் பதிவுசெய்த நாவல் பூமணியின் 'பிறகு'. 1979இல் வெளிவந்தது. கரிசல் நிலத்து மணலூத்துக்குச் செருப்புத் தைக்க வந்து சேரும் அழகிரியின் கதை. புறநானூற்றில் ஓர் உவமைக்குள் நின்றவர் தமிழ்ப் புனைவின் நடுவிடத்துக்கு வந்து, தம் பெயரோடு வீடு திரும்பியது அந்த நாவலில்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

இத்தொழில் எப்படிக் கைநழுவியது? ஒரே அடியில் இல்லை, படிப்படியாக. 19ஆம் நூற்றாண்டில் சென்னை, திண்டுக்கல், திருச்சி, வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதிகளில் தோல் பதனிடும் ஆலைகள் பெருகின. பதனிட்ட தோல் கப்பலேறியது. கிராமத்துத் தோலும் ஆலைக்குப் போகலாயிற்று. 1903இல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறைப் பதனிடுதலைத் தொடங்கினார். ஆவாரம்பட்டையின் இடத்துக்குத் தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டை வந்தது. பாட்டா நிறுவனம் 1931இல் வங்காளத்துக் கொன்னகரில் இந்தியத் தயாரிப்பைத் தொடங்கிப் பின்னர் பாட்டாநகரை எழுப்பியது. சுதந்திர இந்தியாவின் மின்மோட்டார் கமலையை நிறுத்தியது. பிறகு டயர்ச் செருப்பு, ரப்பர்ச் செருப்பு, இன்று எடைக்கு வரும் நெகிழிச் செருப்பு.

பதனிடும் ஆலை வணிகருடையதாயிற்று. செருப்பு ஆலை நிறுவனத்தினுடையதாயிற்று. தைத்தவருக்கு மிஞ்சியது பழுதுபார்க்கும் பெட்டி ஒன்று. ஆனால் தொழில் போன பின்னும் அத்தொழிலின் பெயரால் வந்த இழிவு போகவில்லை. நம் கட்டுரையின் வேதனையே இதுதான். சாதிப் பெயரை வசைச்சொல்லாக்கி வைத்திருக்கும் சமூகம், அதே தொழிலை ஆலைக்குள் செய்பவரை 'தொழிலதிபர்' என்கிறது.

1910இல் தொடங்கிய தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில் காந்தியடிகள் செருப்புத் தைத்தார். தாம் தைத்த ஒரு சோடியை 1914இல் ஜெனரல் ஸ்மட்சுக்குப் பரிசளித்தார். ஸ்மட்ஸ் அதை 1939இல் காந்தியின் எழுபதாம் பிறந்தநாளையொட்டித் திருப்பி அனுப்பியது உலகறிந்த செய்தி. வழக்கறிஞர் ஒருவர் விரும்பித் தைத்த செருப்பு வரலாறாயிற்று. தலைமுறை தலைமுறையாகத் தைத்தவர்களின் ஒரு சோடிகூட அப்படித் தம் பெயரோடு நமக்குக் கிடைக்கவில்லை. காந்தியைக் குறைசொல்ல இதைக் கூறவில்லை. கைத்தொழிலின் இழிவைத் துடைக்க அவர் செய்த முயற்சி அது. ஆயினும், யார் கை தைத்தது என்பதைப் பொறுத்தே ஊசிக்கு மதிப்பு வருகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எது காட்டும்?

கடைத்தெருவில் ஒரு மாலை

மாணவரிடம் அனுமதி கேட்டு, ஒரு சனிக்கிழமை மாலை அவர் தந்தையைக் காணச் சென்றோம். மாணவரும் உடன் வந்தார். சேஷையா சாஸ்திரி திவானாக இருந்த காலத்தில் புதுக்கோட்டை திருத்தமாகச் சீரமைக்கப்பட்ட நகரம் என்பார்கள். அரண்மனையைச் சுற்றி நேர்நேராகச் செல்லும் ராஜ வீதிகள். அவற்றுக்கு இணையாக இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி என்று ஒழுங்கான அடுக்கு. பொற்கொல்லர், பாத்திரக்காரர், தையற்காரர், பூக்கட்டுபவர் எனக் கைவினைஞர் பலரும் இவ்வீதிகளில் கடை கண்டவர்கள். செருப்புத் தைப்பவருக்குக் கிடைத்தது ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் இடையிலான சுவரோரம். மேலே ஒரு கறுப்புக் குடை. கீழே ஒரு சாக்கு.

எழுபதை நெருங்கும் வயது. பெட்டிக்குள் தோல் சீவும் உளி, குத்தூசி இரண்டு, மெழுகு தடவிய நூல்கண்டு, சொல்யூஷன் டப்பா, பாலிஷ் புட்டிகள். முன்னால் கவிழ்த்துத் தட்டுவதற்கான இரும்புக்கால். உளியின் பிடி அவர் தந்தை காலத்தது. கைபட்டுக் கைபட்டுக் கறுத்து வழுவழுத்திருந்தது.

நம்மைக் கண்டதும் எழ முயன்றார். வேண்டாமென்று தடுத்து, அருகில் சாக்கில் அமர்ந்தோம். "சார், துணி அழுக்காயிரும்" என்று பதறினார். சிறிது நேரம் ஊர்ப்பேச்சுப் பேசினோம். சிறுவயதில் தந்தையோடு கமலைத் தோல் தைக்கச் சுற்றுக் கிராமங்களுக்குப் போனதைச் சொன்னார். களத்தில் நெல் அளந்து போடும்வரை தள்ளி நிற்க வேண்டும் என்றார். "ஊருக்குள்ள போகையில செருப்பக் கழட்டிக் கக்கத்துல வச்சுக்கணும் சார். அவுகளுக்குத் தச்ச செருப்பும் கையிலதான், என் செருப்பும் கையிலதான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

மகனின் படிப்பைப் பற்றிக் கேட்டோம். 2009ஆம் ஆண்டில் தமிழக அரசு அருந்ததியருக்குப் பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கிச் சட்டம் இயற்றியதை வாசகர்கள் அறிவார்கள். 2024 ஆகஸ்ட் 1இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, இத்தகைய உட்பிரிவு ஒதுக்கீடு செல்லும் எனத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு வந்த நாளில் தெருவில் இனிப்புக் கொடுத்ததாகச் சொன்னார். "எங்க வீட்டுல மொதப் பட்டம் இவந்தான். வாத்தியாராயிருவான்ல சார்?" என்றார். ஆவார் என்றோம்.

பிறகு தயங்கித் தயங்கி அந்தப் பாட்டைச் சொன்னோம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய ஒரு புலவர், கட்டில் பின்னும் ஒருவரைப் பற்றிப் பாடியிருக்கிறார். திருவிழா, பேறுகாலம், மழை, பொழுது சாயும் நேரம், ஊசியின் வேகம் என்று விளக்கினோம். ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். நாம் வகுப்பில் சொல்வது போலவே, வீட்டுக்குப் போகும் அவசரம்தான் அந்த வேகத்துக்குக் காரணம் என்று முடித்தோம்.

அவர் சற்று யோசித்தார்.

"அது மட்டும் இல்ல சார். வாரு பதமான ஈரத்துல இருக்கையில இழுத்துக் கட்டினாத்தான், காஞ்சப்பறம் வெறப்பா நிக்கும். மழையில ஊறிப்போச்சுன்னா தளந்துரும், காயவும் காயாது. கட்டிலு தொட்டி மாதிரித் தொங்கிப்போகும். வேல கெட்டுப்போகக் கூடாதுல்ல. அதான் அவசரப்படுறாரு."

பதினைந்து ஆண்டுகள் நாம் நடத்திய பாட்டுக்கு, அன்றைக்கு நமக்கு ஓர் உரை கிடைத்தது. மழையைத் துன்பத்தின் அளவைக் கூட்டும் ஒரு குறிப்பாகவே நாம் சொல்லிவந்தோம். தொழில் தெரிந்தவருக்கு அது வாரின் பதம். வீட்டில் பிள்ளைப்பேறு, கையிலோ கெட்டுப்போகக் கூடாத வேலை. இரண்டுக்கும் நடுவே பாய்கிறது அந்த ஊசி. பொருநனோடு மோதும் அரசனுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை இருக்க முடியாது என்பது நமக்கு அன்றுதான் விளங்கியது. சாத்தந்தையார் ஒரு தோல்வினைஞரின் அருகில் அமர்ந்து அவர் கையைப் பார்த்திருக்கிறார் என்றே நம்புகிறோம்.

இன்னொன்றையும் கவனித்தோம். பாடலில் அவர் 'இழிசினன்'. நம் விளக்கத்திலும் இத்தனை ஆண்டுகளாக 'அவன்'தான். சுவரோரத்துச் சாக்கில் அமர்ந்திருந்த பெரியவர்தான் அவரை 'அவசரப்படுறாரு' என்றார்.

மழை தூறத் தொடங்கியது. பெரியவர் நம் செருப்பின் அறுந்த வாரை வாங்கி, இரண்டு நிமிடத்தில் தைத்து, இரும்புக்காலில் கவிழ்த்துத் தட்டிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்தார், வற்புறுத்திக் கொடுத்தோம். மகன் பெட்டியை எடுத்துக்கொண்டார். தந்தை குடையை மடக்கினார். இருவரும் செருப்பணிந்த கால்களோடு கீழ ராஜ வீதியின் நடுவில் நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

இந்த ஆண்டு மீண்டும் 82ஆம் பாடல் வரும். பெரியவரின் உரையைச் சேர்த்தே நடத்துவதாக இருக்கிறோம்.